சானடோரியம் ஸ்டேஷனும் யுகே விசாவும்: ஒரு எக்ஸ்ரே கதை (நீண்ட த்ரெட்)

மே கடைசியில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரைக்கும் கிழக்கு தாம்பரத்தில் எங்க கிளினிக்குக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். காய்ச்சல் இருக்காது, தலைவலி இருக்காது. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர் இருக்கும். அப்பா அம்மா ரெண்டு பேரும் கூட வந்திருப்பாங்க. "டாக்டர், பையன் யுகே போறான். ஒரு தடவை பார்த்து ஓகேன்னு சொல்லிடுங்க."

நான் பார்ப்பது நெஞ்சும் நுரையீரலும். ஆனா இந்த மூணு மாசம் கேள்விகள் நுரையீரலோடு நிற்காது. எந்த யுனிவர்சிட்டி நல்லது, லண்டனா வெளியூரா, வேலை செய்துக்கிட்டே படிக்கலாமா, இட்லி மாவு கிடைக்குமா, எல்லாம் என்கிட்ட வரும். வேளச்சேரி மெயின் ரோட்டில் மாடிக்கு மாடி கன்சல்டன்சி இருக்கே, அங்க கேளுங்கன்னா, "அவங்க எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்றாங்க டாக்டர், அதான் பயமா இருக்கு" என்பார்கள். நியாயமான பயம்தான். பெரும்பாலான ஏஜென்ட்டுகளுக்கு யுனிவர்சிட்டிதான் கமிஷன் தருகிறது. உங்களுக்கு இலவசம் என்பதன் அர்த்தம் அதுதான்.

எனக்குத் தெரிந்ததை எழுதுறேன். ஆனா இந்த த்ரெட் எழுத உட்கார்ந்த காரணம் வேற. ஒரு எக்ஸ்ரே. அதில் என் தப்பும் இருக்கு.

இந்தியாவில் இருந்து ஆறு மாசத்துக்கு மேல் தங்க யுகே விசா கேட்கிற எல்லாருக்கும் காசநோய் பரிசோதனை கட்டாயம். உங்க தெருமுனை லேபில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த கிளினிக்கில்தான் எடுக்கணும், பட்டியல் அவங்க அரசு இணையதளத்திலேயே இருக்கு. எக்ஸ்ரே சுத்தமா இருந்தா சர்டிஃபிகேட் கையில் வந்துடும், அது எக்ஸ்ரே எடுத்த நாளில் இருந்து ஆறு மாசம் செல்லும். ஏதாவது நிழல் தெரிந்தால் சளி கேட்பாங்க. அந்தச் சளியை கல்ச்சர் வைத்து முடிவு சொல்ல எட்டு வாரம் வரை ஆகும். செப்டம்பரில் கிளாஸ், ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் எக்ஸ்ரேன்னு வெச்சுக்கோங்க. கணக்கு போட்டுப் பாருங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு. ராஜகீழ்ப்பாக்கம். (அவங்க அனுமதியோட எழுதுறேன், அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) வயசு 22, இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில் மாஸ்டர்ஸ் இடம் கிடைத்திருந்தது. ஏப்ரலில் இருமல்னு என்கிட்ட வந்தாங்க. மூணு வாரமா இருக்கு, காய்ச்சல் விட்டு விட்டு வருதுன்னாங்க. அன்னிக்கு வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தாங்க. ஸ்டெத் வைத்துப் பார்த்தேன், பெருசா எதுவும் கேட்கலை. இருமல் சிரப்பும், ஏழு நாளைக்கு லீவோஃபிளாக்சசினும் எழுதிக் கொடுத்தேன்.

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தா முதலில் சளி டெஸ்ட். இது நான் ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிற விஷயம். அந்த மாத்திரை இன்னும் மோசம். லீவோஃபிளாக்சசின் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். முழுசா கொல்லாது. இருமல் குறையும், ஆளும் தெம்பாயிடுவாங்க, நோய் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பத்து நாள் கழித்து அந்தப் பொண்ணு போன் பண்ணி "நல்லாயிடுச்சு டாக்டர், தேங்க்ஸ்" என்றாள். எனக்கும் சந்தோஷம்.

ஜூலை நடுவில் அப்பாவோட திரும்ப வந்தாள். விசா எக்ஸ்ரேவில் வலது நுரையீரல் மேல்பக்கம் நிழல். மூணு நாள் காலையில் சளி கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஏப்ரலில் இருந்து நாலு கிலோ குறைந்திருக்கு, விசா டென்ஷன்னு வீட்டில் விட்டுட்டாங்க.

அப்பா முதலில் கேட்டது நோயைப் பற்றி இல்லை. "டாக்டர் சார், வேற இடத்துல நல்லா ஒரு எக்ஸ்ரே எடுத்து, ஒண்ணும் இல்லைன்னு நீங்க ஒரு லெட்டர் கொடுத்தா போதும்னு கன்சல்டன்சில சொல்றாங்க." அவரை நான் குறை சொல்ல மாட்டேன். லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. டெபாசிட் கட்டியாச்சு. சொந்தக்காரங்களுக்கு ஸ்வீட் கொடுத்தாச்சு. எல்லாத்துக்கும் மேல, பொண்ணுக்கு "டிபி"ன்னு வெளியே தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம்? அந்தக் கேள்வியை அவர் வாயைத் திறந்து கேட்கலை. பொண்ணை ஒரு தடவை பார்த்துட்டு தரையைப் பார்த்தார்.

"சார், என் லெட்டர் அங்க செல்லாது. செல்லும்னாலும் தர மாட்டேன். பொய்யான பேப்பர் கொடுத்து மாட்டினா பத்து வருஷம் வரைக்கும் யுகே விசா கிடைக்காது" என்றேன். அப்புறம் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "ஏப்ரல்லயே சளி டெஸ்ட் எழுதியிருக்கணும். நான் எழுதலை. அது என் தப்பு. அன்னிக்கே பார்த்திருந்தா இப்ப மூணு மாச மருந்து முடிஞ்சிருக்கும்."

அவர் கத்துவார்னு எதிர்பார்த்தேன். கத்தலை. பொண்ணுதான் கேட்டாள்: "அப்ப செப்டம்பர் போக முடியாதா டாக்டர்?"

முடியாதும்மா.

மறுநாள் காலையில் சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இங்க கொஞ்சம் ஊர்க்கதை. சானடோரியம்னா நமக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன், எதிரே மெப்ஸ் வாசல், சாயங்கால ட்ராஃபிக். அந்தப் பேர் வந்தது காசநோய் ஆஸ்பத்திரியால். 1928ல் அதை ஆரம்பித்தவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. அதுக்கு முன்னாடி இங்கிலாந்தில், சோமர்செட்டில் மெண்டிப் மலைப் பக்கம், காசநோயாளிகளுக்கு சானடோரியம் நடத்தியவர். கேம்பிரிட்ஜில் இருந்த கணித மேதை ராமானுஜன் 1917ல் உடம்பு முடியாமல் போனபோது கொஞ்ச காலம் இருந்தது அவருடைய சானடோரியத்தில்தான். சௌரிமுத்து ஊர் திரும்பி, நல்ல காற்று வேணும்னு அன்னிக்குக் காடும் மேடுமாக இருந்த தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார். 1937ல் அரசு எடுத்துக்கிட்டது. மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் தாம்பரத்துக்குக் குடிவந்ததும் அதே வருஷம்.

ராமானுஜனுக்குக் காசநோய்னுதான் அப்ப சொன்னாங்க. பின்னாடி 1994ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளைப் படிச்சுட்டு, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம்னு எழுதினார். குணப்படுத்தக்கூடிய நோய். 1919ல் திரும்பி வந்து 1920ல் 32 வயசில் போயிட்டார். படிக்கப் போன இடத்தில் உடம்பைச் சரியாகப் பார்க்காமல் விட்டதுக்கு நம்ம ஊர்லயே இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. இன்னொன்னு: குளிரில் தூங்க முடியலைன்னு அவர் சொன்னப்போ அறைக்குப் போய்ப் பார்த்தவர் பிரசந்த சந்திர மகலனோபிஸ். போர்வைகளெல்லாம் மெத்தைக்கு அடியில் செருகியே இருக்க, அதுக்கு மேலே கோட்டைப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தாராம். போர்வையை இழுத்து உள்ளே நுழையணும்னு யாரும் சொல்லித்தரலை. நம்ம பிள்ளைங்க கேட்கிற கேள்விகளைச் சின்னக் கேள்வின்னு நான் சிரிக்காதது இதனால்தான்.

கதைக்கு வரேன். ஆஸ்பத்திரியில் சிபிநாட் டெஸ்ட் எடுத்தாங்க. சில மணி நேரத்திலேயே கிருமி இருக்கா, முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா, ரெண்டையும் சொல்லிடும். கிருமி இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை. அந்த வாரமே மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஆறு மாசம், தினமும், இலவசம். சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகும்னு முன்னாடியே சொல்லியிருந்தேன், அப்படியும் முதல் நாள் பயந்து போன் பண்ணாள்.

ஒருத்தருக்கு நுரையீரல் காசநோய்னா வீட்டில் எல்லாரையும் பார்க்கணும். அப்பா, அம்மா, தம்பிக்கு ஒண்ணும் இல்லை. ஆயா வரலை. "அவங்களுக்கு அந்த இருமல் ரொம்ப வருஷமா இருக்கு டாக்டர், வெத்தலை பாக்கு பழக்கம்" என்றார் அம்மா. ரொம்ப வருஷமா என்றதும் எனக்குச் சுருக்குனு ஆச்சு. கூட்டிட்டு வாங்கன்னு பிடிவாதம் பிடிச்சேன். 74 வயசு, சர்க்கரை வியாதி, எக்ஸ்ரேவில் ரெண்டு பக்கமும் குழி. பேத்தி ஆயா பக்கத்தில்தான் படுத்துத் தூங்குவாளாம், சின்ன வயசில் இருந்தே. பிரிட்டிஷ்காரன் விசாவுக்குக் கேட்ட எக்ஸ்ரே இல்லைன்னா, அந்தக் கிழவியின் இருமலை யாரும் இன்னும் ஒரு வருஷத்துக்குப் பார்த்திருக்க மாட்டாங்க.

யுனிவர்சிட்டிக்கு என்ன எழுதுறதுன்னு வீட்டில் ஒரே குழப்பம். கன்சல்டன்சி ஆள் "குடும்பக் காரணம்னு போடுங்க" என்றாராம். நான் உள்ளதை எழுதச் சொன்னேன். மருத்துவக் காரணம், சிகிச்சை இத்தனை மாசத்தில் முடியும், அடுத்த வருஷ செப்டம்பருக்கு மாற்ற முடியுமா, அவ்வளவுதான். டாக்டர் லெட்டர் கேட்டாங்க, கொடுத்தேன். இந்த லெட்டர் தர எனக்குத் தயக்கமே இல்லை. இடத்தைத் தள்ளி வைத்தார்கள், டெபாசிட்டும் அப்படியே நின்றது. எல்லா யுனிவர்சிட்டியும் இப்படிச் செய்யும்னு நினைக்காதீங்க. பணம் கட்டும் முன்னாடியே "தள்ளிப்போட்டா என்ன விதி, விசா கிடைக்கலைன்னா எவ்வளவு திரும்ப வரும்"னு எழுத்தில் கேட்டு வாங்கிக்கோங்க. எந்த யுனிவர்சிட்டி நல்லதுங்கிற கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான்.

மீதிப் பாதி: அந்தப் பேர் பிரிட்டிஷ் அரசு மாணவர் விசாவுக்கு லைசென்ஸ் கொடுத்த பட்டியலில் இருக்கான்னு பாருங்க. கிளாஸ் எந்த ஊரில்னு பாருங்க. பேர் வடக்கே ஒரு ஊர், நடப்பதோ லண்டன் கிளையில், இப்படி நிறைய உண்டு. லண்டன்னா வாடகையும் கூட, விசாவுக்கு பேங்க்கில் காட்ட வேண்டிய தொகையும் கூட. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கணும், ஒரு நாள் குறைஞ்சாலும் சிக்கல். டெர்ம் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. அதில் சாப்பாட்டுச் செலவைச் சமாளிக்கலாம், ஃபீஸ் கட்ட முடியாது. கட்டலாம்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. மாஸ்டர்ஸ் வகுப்புக்குப் போறவங்க மனைவி, கணவர், குழந்தையைக் கூட்டிப் போக 2024 ஜனவரியில் இருந்து அனுமதி இல்லை, ஆராய்ச்சிப் படிப்புக்கு மட்டும்தான். படிச்சு முடிச்சு வேலை தேட இப்போ ரெண்டு வருஷம் தராங்க. 2027 ஜனவரியில் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு, பிஎச்டி தவிர, அது 18 மாசம்.

அங்க எம்பிபிஎஸ் படிக்கலாமா என்பவர்களுக்கு ஒரே வரி: திரும்பி வந்து இங்க பிராக்டிஸ் பண்ற எண்ணம் இருந்தா நீட் தகுதி இல்லாமல் கிளம்பாதீங்க.

உடம்பு விஷயம். விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டுறீங்க, மாணவர்களுக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு. கட்டிட்டு நிறைய பேர் போய் இறங்கி ஜிபியிடம் பதிவு பண்ணாமலேயே வருஷத்தை ஓட்டிடறாங்க. முதல் வாரமே பதிவு பண்ணுங்க. ஜிபின்னா நம்ம குடும்ப டாக்டர் மாதிரி, பெரிய டாக்டரைப் பார்க்கணும்னாலும் அவர் வழியாத்தான். பல்லுக்குத் தனிக் காசு, அதனால சொத்தைப் பல்லை இங்கேயே அடைச்சுட்டுப் போங்க. மெடிக்கல் ஷாப்பில் நின்னு "ஆன்டிபயாட்டிக் ஒரு ஸ்ட்ரிப்" அங்க நடக்காது. பாராசிட்டமாலே சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பாக்கெட்டில் 16 மாத்திரைதான். மெனிஞ்சைட்டிஸ், தட்டம்மை தடுப்பூசிகள் போட்டிருக்கான்னு பார்த்துக்கோங்க. வைட்டமின் டி அங்க அரசே சொல்றது: தினம் 10 மைக்ரோகிராம், நம்ம தோல் நிறத்துக்கு வருஷம் முழுக்க.

அப்புறம், ஏற்கெனவே காசநோய் வந்து குணமானவங்க: பழைய எக்ஸ்ரே, சிகிச்சை முடிச்ச சீட்டு ரெண்டையும் கையோட கொண்டுபோங்க. பழைய தழும்பும் நிழலாத்தான் தெரியும். இருமல் இருக்கிறவங்க, எடை குறையறவங்க, வீட்டில் யாராவது இருமுறவங்க இருந்தா, மார்ச், ஏப்ரல்லயே எங்கள மாதிரி ஆளைப் பாருங்க. டாக்டர் சளி டெஸ்ட் எழுதலைன்னா நீங்களே கேளுங்க. என்கிட்ட வந்தாலும் கேளுங்க.

அந்தப் பொண்ணு ஜனவரி கடைசியில் மருந்தை முடிச்சாள். ஏழு கிலோ ஏறியிருந்தது. மே மாசம் புது எக்ஸ்ரே, சளி, மறுபடி எட்டு வாரக் காத்திருப்பு, ஜூலையில் சர்டிஃபிகேட். கிளம்பும் முன்னாடி தனியா வந்து கேட்டாள்: "அங்க ஜிபி கேட்டா, டிபி இருந்துச்சுன்னு சொல்லணுமா?" சொல்லணும்மா, முதல் நாளே சொல்லிடுன்னு சொன்னேன்.

அக்டோபரில் வாட்ஸ்அப் வந்தது. ஜிபியிடம் சொன்னாளாம், அவர் கம்ப்யூட்டரில் குறித்துக்கொண்டு, எங்க சிகிச்சைன்னு கேட்டாராம். தாம்பரம் சானடோரியம்னு ஸ்பெல்லிங் சொல்லத்தான் அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னு எழுதியிருந்தாள். ஆயாவுக்கு மருந்து முடிஞ்சு அடுத்த எக்ஸ்ரே எப்போன்னும் அதிலேயே கேட்டிருந்தாள்.