எத்தனையாவது நாள்?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. ராத்திரி 11 மணிக்கும் ஸ்கேன் அறை வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும். உறவினர்கள் கேட்பது ஒன்றுதான்: “சார், ஸ்கோர் எவ்வளவு?” நான் திருப்பிக் கேட்பேன்: “காய்ச்சல் ஆரம்பிச்சு எத்தனை நாள் ஆச்சு?”

அப்படிக் கேட்கும் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. முதல் அலையில், காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே ஒருவர் வந்தார். நுரையீரல் சுத்தம். “நிமோனியா இல்லை” என்று எழுதிக் கொடுத்தேன். அதை அவர் “கொரோனா இல்லை” என்று படித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். எட்டாம் நாள் சக்கர நாற்காலியில் வந்தார். இரண்டு கீழ் மடல்களும் வெளுத்திருந்தன. பல நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்தார். முதல் இரண்டு நாளில் பாதிப்பேருக்குப் படம் இயல்பாகவே இருக்கலாம் என்று சீன நோயாளிகளின் படங்களைப் பார்த்த மருத்துவர்கள் 2020 தொடக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

படத்தையே நம்ப வேண்டியிருந்த நேரமும் உண்டு. பரிசோதனைக்குத் திண்டாடிய சீனாவின் ஹூபெய் மாகாணம், சி.டி. படத்தை வைத்துக் கண்டறிந்தவர்களையும் 2020 பிப்ரவரியில் கணக்கில் சேர்த்தது. ஒரே நாளில் 14,840 பேர் கூடினார்கள். அந்த நெருக்கடிக்கு அது சரி. ஆனால் படம் மட்டுமே ஆர்.டி.பி.சி.ஆருக்கு மாற்றாகிவிடாது.

படத்தை உச்சியிலிருந்து உதரவிதானம் வரை மெதுவாக உருட்டிப் பார்க்க வேண்டும். குளியலறைச் சன்னலுக்குப் போடும் மங்கல் கண்ணாடி போல வெளிறல் தெரியும். அதனூடே ரத்தக்குழாய் இன்னும் தெரிந்தால் அதுதான் கிரவுண்ட் கிளாஸ். குழாய் மறைந்துவிட்டால் காற்றறைகள் நிரம்பிவிட்டன என்று பொருள். கொரோனாவில் இந்த வெளிறல் பெரும்பாலும் இரண்டு பக்கமும், வெளி ஓரமாக, முதுகுப் பக்கம், கீழே இருக்கும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு முதுகுப் பக்கம் வெறும் பாரத்தாலேயே மங்கும். சந்தேகம் வந்தால் குப்புறப் படுக்க வைத்து நாலு படம் எடுக்கச் சொல்வேன். மங்கல் கலைந்துவிட்டால் அது நோயில்லை. பாதுகாப்பு உடையில் வேர்த்துக் கொட்ட, கோபிக்காமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்த டெக்னீஷியன்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஸ்கோர் என்பது ஐந்து மடல்களுக்கும் தலா ஐந்து வரை மதிப்பிட்டு, 25க்குப் போடும் கூட்டல். அறிக்கையில் வரும் கோராட்ஸ் என்ற எண் வேறு: அது 5 என்றால் கொரோனாவாக இருக்க மிகுந்த வாய்ப்பு என்று அர்த்தம். நோயின் கடுமையை அது சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுதவர்கள் பலர். நான்காம் நாள் ஸ்கோர் எட்டு என்றால் ஏறுமுகம். எனக்குப் பயம் வரும். பதினான்காம் நாள் அதே எட்டு அநேகமாக இறங்குமுகம்.

ஒரு பெண் அப்பாவின் இரண்டு ஸ்கேன்களோடு வந்தார். முதலில் ஏழு, இப்போது ஒன்பது. “கூடிடுச்சே டாக்டர்” என்றார். திரையில் காட்டினேன்: பஞ்சு போல இருந்த இடமெல்லாம் பட்டையாக, இழையாகச் சுருங்கி ஓரத்தோடு ஒட்டியிருந்தது. ஆறும் நுரையீரல் அப்படித்தான் இருக்கும்.

“ஆக்சிஜன் எவ்வளவு இருக்கும்மா?”

“தொண்ணூத்தாறு. நேத்து பாத்ரூமுக்குத் தனியா நடந்து போனார்.”

அறிக்கையின் முதல் வரியில் ‘பதினான்காம் நாள்’ என்று அடித்தேன். எண்ணை அதற்குக் கீழே போட்டேன்.