பன்னிரு பக்க மேசை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

காதல் கதை என்றதும் முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். அவற்றைப் படிப்போர் வேலையற்றோர் என்றும், எழுதுவோர் மெத்தையில் சாய்ந்து கனவு காண்போர் என்றும் ஓர் எண்ணம் உண்டு. நிலவும் தென்றலும் தனியறையும் கவலையற்ற மனமும் வாய்த்தவருக்கே அக்கலை கைவரும் என்பார்கள். ஜேன் ஆஸ்டின் என்னும் ஆங்கில நாவலாசிரியையின் அன்றாட வாழ்க்கையை அறிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

சென்ற ஆண்டு ஆங்கில வகுப்பில் பேராசிரியர் அவர் பெயரைச் சொன்னார். 2000-ஆம் ஆண்டில் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ திரைப்படம் அவருடைய ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலைத் தழுவியது என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்று மாலையே நூலகத்தில் அவருடைய ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ நாவலை எடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. “இயற்பியல் படிக்கிறவனுக்கு இது எதற்கடா?” என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அதற்கு விடையாகத்தான் இக்கட்டுரை.

ஜேன் ஆஸ்டின் 1775 டிசம்பர் 16-இல், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் உள்ள ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் குரு. ஆண்கள் அறுவர், பெண்கள் இருவர் என எட்டுப் பிள்ளைகள். ஜேன் ஏழாவது. அவருக்கும் அக்காள் கசாண்ட்ராவுக்கும் கிடைத்த பள்ளிப்படிப்பு சொற்பம். ஜேனுக்குப் பதினொரு வயது ஆகும் வேளையில் அதுவும் நின்றது. பிறகு தந்தையின் புத்தக அலமாரியே பள்ளிக்கூடம். 1805-இல் தந்தை இறந்தார். தாயும் இரு பெண்களும் ஆண்மக்கள் தரும் பணத்தை எதிர்பார்த்து வாழவேண்டியதாயிற்று. 1809-இல் எட்வர்டு என்னும் அண்ணன், சாட்டன் என்ற ஊரில் தம் வீடு ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தார்.

அந்த வீட்டில்தான் அவருடைய நாவல்கள் உலகைக் காணும் வடிவம் பெற்றன. அங்கே அவருடைய ஒரு நாள் எப்படி இருந்தது? மற்றவர் எழுமுன் எழுந்து சிறிது நேரம் பியானோ வாசிப்பார். ஒன்பது மணிக்குக் காலை உணவைத் தயார் செய்வது அவர் பொறுப்பு. தேநீர், சர்க்கரைக் கணக்கும் அவரிடமே. மற்ற வீட்டு வேலைகளின் பெரும்பகுதியைக் கசாண்ட்ராவும், உடன் வாழ்ந்த தோழி மார்த்தா லாயிடும் ஏற்றுக்கொண்டார்கள். அப்படிக் கிடைத்த நேரத்தில்தான் எழுத்து. பிறகு நடை, தையல், இரவில் எல்லோரும் கூடி அமர உரக்கப் படித்தல்.

அவருக்குத் தனி அறை இல்லை. எல்லோரும் வந்துபோகும் கூடத்தில் எழுதினார். அவர் எழுதியதாகக் கூறப்படும் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட வாதுமை மரச் சிறுமேசை இன்றும் அவ்வீட்டில் காட்சிக்கு இருக்கிறது. இரண்டு புத்தகங்களை விரித்து வைத்தால் இடம் முடிந்துவிடும் போலிருக்கிறது, படத்தில் பார்த்தால். ஆள் வந்தால் மறைத்துவிட வசதியாகச் சின்னஞ்சிறு தாள்களில் எழுதினார் என்றும், கிரீச்சிடும் கதவு ஒன்று ஆள் வருவதை அறிவிக்கும் என்பதால் அதைச் சரிசெய்ய அவர் விடவில்லை என்றும் அவருடைய அண்ணன் மகன் பின்னாளில் எழுதிய வரலாற்றில் குறித்திருக்கிறார்.

சரி, இந்தக் கூடத்தில் உட்கார்ந்தவருக்குக் கதை எங்கிருந்து கிடைத்தது? ஒரு சிற்றூரும் மூன்று நான்கு குடும்பங்களும் இருந்தால் நாவலுக்குப் போதும் என்பது அவர் கொள்கை. அரச குடும்பத்தின் பெருமையை வைத்து ஒரு வரலாற்றுக் காதல் கதை எழுதலாமே என்று இளவரசரின் நூலகர் 1816-இல் யோசனை சொன்னபோது, அது தமக்கு வராது என்று மறுத்துவிட்டார். அவர் பார்த்தது பக்கத்து வீட்டை. அங்கே காதலுக்கு முன்னால் பணம் வந்து நின்றது. ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ கதாநாயகன் டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு. நாயகி எலிசபெத்தின் தந்தைக்கு 2,000. ஐந்து பெண்கள். தந்தை கண்ணை மூடினால் சொத்து தூரத்து உறவினன் காலின்ஸுக்குப் போய்விடும். இவ்வளவு கணக்கையும் சொன்ன பிறகே அவர் காதலைச் சொல்கிறார்.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதன்று. எங்கள் வீடு நெசவாளர் வீடு. ஒரே அறை. அதில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டது. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள். அத்தோடு நின்று தறியில் அமர்ந்தாள். அவள் நெய்த கூலியிலிருந்துதான் என் பேருந்துக் காசும் தேர்வுக் கட்டணமும் வருகின்றன.

இரவில் அக்காள் ராட்டையில் தார் சுற்றுவாள். நான் அன்று படித்த பகுதியைத் தமிழில் கதையாகச் சொல்வேன். எலிசபெத்தின் தோழி சார்லட், இருபத்தேழு வயதில், மூடன் என்று தெரிந்தே காலின்ஸை மணக்கச் சம்மதிக்கும் இடம் வந்தது. எனக்கு அவள்மேல் கோபம். அக்காள் ராட்டையை நிறுத்தாமலே சொன்னாள்: “அவளைத் திட்டாதே தம்பி. அவளுக்கு இருக்க ஒரு வீடு வேணுமில்ல?”

அக்காளுக்கு இப்போது வயது 26. சென்ற தை மாதம் ஒரு வரன் வந்தது. பதினைந்து பவுன் நகையும் ஒரு மோட்டார் சைக்கிளும் கேட்டார்கள். அப்பா கடன் வாங்கத் துணிந்தார். “எத்தனை வருஷம் தறி மிதிச்சாலும் அடையாத கடன் எனக்கு வேண்டாம்ப்பா” என்று அக்காள் சொல்லிவிட்டாள். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. தெரு பேசியது.

அப்போதுதான் ஜேனின் கதையை அவளுக்குச் சொன்னேன். 1802 டிசம்பரில், பெரிய சொத்துக்கு வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் என்பவர் ஜேனை மணக்க விரும்பினார். ஜேனும் அன்று மாலை சம்மதித்தார். மறுநாள் காலை அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். அப்போது அவருக்கும் வயது 26. கடைசிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அக்காள் கவனமாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: “அவங்க அண்ணன் தம்பியெல்லாம் படிச்சவங்களா?” ஜேம்ஸ், ஹென்றி இருவரும் ஆக்ஸ்போர்டில் படித்தவர்கள் என்றேன். “அப்படியா? சரி, மேலே சொல்லு” என்றாள். ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது. மேலே சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

1803-இல் ஜேன் ஒரு நாவலை 10 பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர் அச்சிடவே இல்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே விலைக்குத் திரும்ப வாங்க நேர்ந்தது. 1811-இல் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ வெளிவந்தபோது ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெண்மணி எழுதியது என்று மட்டுமே இருந்தது. 1813-இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ உரிமைக்குக் கிடைத்தது 110 பவுண்டு. 1817 ஜூலை 18-இல், 41 வயதில் அவர் மறைந்தார். வின்செஸ்டர் பேராலயத்தில் உள்ள அவர் கல்லறைக் கல் அவருடைய குணத்தைப் போற்றுகிறது. அவர் நாவல் எழுதியவர் என்று அதில் ஒரு சொல் இல்லை. அவர் வாழ்நாளில் வந்த எந்நூலிலும் அவர் பெயர் இல்லை. 2017-இல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட தாளில் அவர் முகம் இருக்கிறது. அது பத்துப் பவுண்டுத் தாள்!

ஜேனின் அறிவுக்கு யாரும் ஆக்ஸ்போர்டு தரவில்லை. ஆனால் ஓர் அண்ணன் வீடு தந்தார். இன்னோர் அண்ணன் ஹென்றி, பதிப்பாளர்களிடம் அலைந்தார். அவர் மறைந்த ஆண்டின் இறுதியில், எழுதியவர் என் தங்கை என்று உலகுக்கு எழுதி அறிவித்தவரும் அவரே. அக்காள் கசாண்ட்ரா தம் உழைப்பால் நேரம் தந்தார். ஆறு நாவல்களுக்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன.

நண்பர்களே, நம்முள் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நாம் அமர்ந்திருக்கும் இந்த நாற்காலி வேறொருவர் எழுந்து தந்தது. தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பு சேரும் விவரங்களைக் கேட்டு அக்காளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் இன்னும் ‘சரி’ என்றும் சொல்லவில்லை, ‘வேண்டாம்’ என்றும் சொல்லவில்லை. தாளை மடித்து, தான் படிக்கும் மாத நாவலுக்குள் வைத்திருக்கிறாள். அதற்குள் தார் சுற்ற நான் கற்றுக்கொண்டுவிட்டேன். நூல் அடிக்கடி அறுகிறது. ஆனாலும் அவளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது மிஞ்சுகிறது.