கடையின் அகப்பக்கம் பழையதாகிவிட்டதா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் வணிக அகப்பக்கத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். நம் மாணவர்களின் பெற்றோருள் பலர் சிறு வணிகர்கள். மாலை கட்டுபவர், தையற்கடை வைத்திருப்பவர், விருந்துக்குச் சமைத்துக் கொடுப்பவர், மசாலை அரைத்து விற்பவர் எனப் பலரை நான் அறிவேன். தங்கள் விளம்பரத் தாளிலோ அகப்பக்கத்திலோ உள்ள தமிழைத் திருத்தித் தரும்படி அவர்கள் நம்மிடம்தான் வருகின்றனர். அவ்வாறு பிழை திருத்தச் சென்ற இடத்தில் நான் கண்டவற்றைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருப்பது நன்று எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

கிள்ளானில் மசாலைத்தூள் விற்கும் ஒருவரின் மகள் என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு பயின்றாள். 2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில் அவர் என்னைக் கடைக்கு அழைத்தார். அவருடைய அகப்பக்கம் 2006இல் உருவானது. அதனைப் புதிதாகச் செய்து தர ஒரு நிறுவனம் எண்ணாயிரம் ரிங்கிட் கேட்டிருந்தது. "நன்றாகத்தானே இருக்கிறது, சார். எதற்கு இவ்வளவு செலவு? தமிழை மட்டும் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்" என்றார். பேச்சினூடே, இரண்டு ஆண்டுகளாக வெளியூர்க் கேட்புகள் குறைந்துவிட்டன என்றும், பொட்டலம் கட்டும் பெண்கள் இருவருள் ஒருவரை நிறுத்திவிட நினைப்பதாகவும் கூறினார்.

அவர் மேசையிலிருந்த கணினியில் அகப்பக்கம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. முகப்பில் குத்துவிளக்கின் சுடர் அசைந்தது. அதன் கீழே தமிழ் எழுத்துகள் அழகாக நின்றன. பின்னர் அதே முகவரியை என் கைப்பேசியில் திறந்தேன். விளக்கு இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம். தமிழ் இருந்த இடத்தில் தலைமேல் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். அவர் கைப்பேசியை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் எளியது. அவருடைய கணினி விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. கணக்கு மென்பொருளுக்காக மாற்றாமல் வைத்திருந்தார். அகப்பக்கம் செய்தவர் அக்கணினியில் அன்றே தமிழ் எழுத்துருவையும் ஃபிளாஷ் மென்பொருளையும் நிறுவிக் கொடுத்திருந்தார். ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் அது இயங்காதவாறு தடையும் செய்தது. எழுத்துச் சிக்கல் அதனினும் பழையது. ஒருங்குறி பரவலாகுமுன் நம்மவர், ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்திப் பயன்படுத்தினர். டிஸ்கி என்னும் குறியாக்கமும் அவ்வகையே. உரிய எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கருவியில் குப்பையாகத் தெரியும். அன்று அது குற்றமன்று. அந்நாளில் இருந்த வழி அதுவே. ஆயினும், இன்று ஒருவர் கூகுளில் "மீன்குழம்புத் தூள்" என்று தேடினால், அப்பக்கம் எத்தனை முறை அச்சொல்லை எழுதியிருப்பினும் தேடுபொறிக்கு அது தமிழாகவே புலப்படாது.

ஆகவே, அகப்பக்கத்தின் நிலையை அறிய உரிமையாளரின் கணினி உதவாது. தம் பக்கத்தைப் பல்லாண்டுகளாகப் பார்த்துப் பழகிய அவர் கண்ணும் உதவாது. வாங்க வருபவரின் கையில் அது எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

வகுப்பறையில் நாம் செய்யும் ஒன்றை இதற்குப் பரிந்துரைப்பேன். அக்கடையில் இதுவரை பொருள் வாங்காத ஐவரை அழையுங்கள். அவர்களுள் ஒரு பாட்டியும் இருக்கட்டும். கைப்பேசியைக் கொடுத்து, அரைக்கிலோ மீன்குழம்புத் தூள் என்ன விலை, வெள்ளிக்கிழமை எத்தனை மணிவரை கடை திறந்திருக்கும், எப்படி வாங்குவது என்னும் மூன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு அருகில் வாய்திறவாமல் அமருங்கள். (ஆசிரியர்களாகிய நமக்கு இதுதான் கடினம்!) ஐவரே போதும். பெரும்பாலான குறைகள் ஐவரிடமே வெளிப்பட்டுவிடும் என்று யாக்கோப் நீல்சன் என்னும் இணையப் பயன்பாட்டு வல்லுநர் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார்.

அவ்வாறு வெளிப்படும் குறைகள் எல்லாவற்றிற்கும் புதிய அகப்பக்கம் தேவைப்படாது. விலை பழையது, தொலைபேசி எண் மாறிவிட்டது என்றால் அவற்றைத் திருத்தினால் போதும். முகவரியின் அருகே "பாதுகாப்பற்றது" என்று காட்டுவதும் அத்தகையதே. கூகுள் குரோம் 2018 ஜூலையிலிருந்து, மறையாக்கம் இல்லாத பக்கங்களை எல்லாம் அவ்வாறு குறிக்கிறது. அதற்குரிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே வழங்குகின்றன. இதனைக் காட்டி அச்சுறுத்திப் புது அகப்பக்கம் விற்பவர் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் வண்ணத்தை மாற்றினார் என்பதெல்லாம் காரணமே அன்று.

கைப்பேசியில் படிக்க இயலாமை, எழுத்தே தெரியாமை, ஒரு விலையை மாற்றுவதற்கும் அகப்பக்கம் செய்தவரை அழைத்துப் பணம் கொடுக்க வேண்டிய நிலை ஆகியவை மேற்பூச்சால் தீராதவை. நண்பரின் அகப்பக்கத்தில் மூன்றும் இருந்தன. எனவே புதிது தேவை என்பதில் அந்நிறுவனம் சொன்னது சரியே. அவர்களின் திட்டத்தாளைப் படித்தபோதுதான் எனக்கு மனம் வருந்தியது. நகரும் படங்கள், புதிய சின்னம், ஐந்து வண்ணங்கள் என அடுக்கிவிட்டு, "தமிழ்ப் பகுதியை நீக்கிவிடலாம், யாரும் படிப்பதில்லை" என்று எழுதியிருந்தனர். குப்பையாகத் தெரியும் எழுத்தை யார் படிப்பார்? பழைய எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவருடைய பதினான்கு பக்கங்களையும் நானும் அவர் மகளும் ஒரே பிற்பகலில் மாற்றி முடித்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதுப்பிக்கப் புறப்படுமுன், இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியுள்ளது என்று பாருங்கள். இவருடையது, முதலில் அகப்பக்கம் செய்தவர் பெயரில் இருந்தது. புதுப்பிப்பு நினைவூட்டல்களும் அவருக்கே சென்றன. நல்ல வேளை, அவர் மறுப்பின்றி மாற்றிக் கொடுத்தார். இல்லையேல் 17 ஆண்டுகளாக உறைகளிலெல்லாம் அச்சிட்ட முகவரி கைவிட்டுப் போயிருக்கும். பழைய பக்கங்களின் முகவரிகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிடவும் வேண்டும்; இன்றேல் பழைய இணைப்பைச் சேமித்து வைத்திருப்போர் "பக்கம் இல்லை" என்னும் அறிவிப்பைத்தான் காண்பர்.

தீபாவளி நெருக்கத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம் என்றேன். முதலில், கைப்பேசியில் திறக்கும் ஒரே ஒரு பக்கம் மட்டும் வந்தது. அதில் பொருள்கள், விலை, கடை நேரம், புலன எண் ஆகியவை மட்டும் இருந்தன. எஞ்சியவை 2024 பிப்ரவரியில் சேர்ந்தன. மொத்தச் செலவு ஈராயிரம் ரிங்கிட்டைத் தாண்டவில்லை. பொட்டலம் கட்டும் பெண்கள் இருவரும் இன்றும் அங்கேயே இருக்கின்றனர். தீபாவளிப் பருவமே அதற்குக் காரணமா, புதிய பக்கமா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. விளக்கை மட்டும் விட அவருக்கு மனமில்லை. அசையாத சிறு படமாக அது பக்கத்தின் அடியில் இருக்கிறது.

விலைகளை இப்போது மகளே மாற்றுகிறாள். வலிமிகும் இடங்களில் அவள் தவறுவதில்லை. "இரசப்பொடி" என்றுதான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. "வாங்குபவர்கள் ரசப்பொடி என்றுதானே சார் தேடுவார்கள்?" என்பது அவள் கட்சி. இப்போதைக்கு அப்பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன.