பத்து நாள் கணக்கு

போன மாதம் பெங்களூரிலிருந்து பெரியவள் போன் செய்தாள். அலுவலக வேலையாக நைரோபிக்குப் போகிறாளாம். இரண்டு வாரம் வேலை. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் ஒரு வாரம் சிங்கம், யானை எல்லாம் காட்டிவிட்டு வருவதாகத் திட்டம்.

"அப்பா, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாள் ஆகணுமாம். போட்ட நாளும் சேர்த்தியா, சேராதா? இந்தக் கணக்கெல்லாம் உங்களைத்தானே கேக்கணும்" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. முப்பத்தொன்பது வருடத்துப் பழைய கதை ஒன்று தொண்டையில் வந்து நின்றுவிட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிக் கற்று அரசு வேலைக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் படிப்பால் பெரிய லாபம் ஒன்றும் இருந்ததில்லை. பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை யாராவது கொண்டுவந்தால் படித்துச் சொல்வதோடு சரி. அதனால் செனெகல் நாட்டுத் தலைநகர் டாக்கரில் நம் தூதரகத்துக்குப் பிரெஞ்சு தெரிந்த எழுத்தர் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததும் முதல் ஆளாக மனுப் போட்டேன். 1984இல் கிளம்பினோம். பெரியவளுக்கு நாலு வயது, பையனுக்கு ஐந்து மாதம். கைக்குழந்தைக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போடமாட்டார்கள். எங்கள் மூவருக்கும் போட்டு, மஞ்சள் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டோம்.

டாக்கரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அங்கே நொய்யரிசிக்குத்தான் மதிப்பு. மீனும் காய்கறியும் போட்டு அவர்கள் சமைக்கும் 'செபுஜென்' சோற்றை என் மனைவி ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். அவளுக்குப் பிரெஞ்சு வரவே இல்லை. ஆனால் சந்தைக்குப் போய்ப் போய் வோலோஃப் மொழி பேச ஆரம்பித்துவிட்டாள். "நங்க தெஃப்?" என்று அவள் கேட்டால் மீன்காரம்மாக்கள் விலையைக் குறைப்பார்கள். என் இலக்கண சுத்தமான பிரெஞ்சுக்கு ஒரு காசு குறைந்ததில்லை. பையனை முதுகில் துணியால் கட்டிக்கொள்ளவும் அந்த ஊர்ப் பெண்கள்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு காலத்தில் புதுச்சேரியிலிருந்து நீலத்துணி கப்பல் கப்பலாகச் செனெகலுக்குப் போய், அங்கே கருவேலம் பிசினுக்கு மாற்றாகக் கைமாறியிருக்கிறது. நம் துணி போன ஊரில் அவர்கள் துணியில் என் பிள்ளை தூங்கினான்.

1986 ஜூனில் ஊருக்கு வர விடுப்பு கிடைத்தது. என் மைத்துனிக்கு ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். மாமியார் தவறிப்போய் நாலு வருடம் ஆகியிருந்தது. தாய் ஸ்தானத்தில் நின்று தங்கையை அலங்கரித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டியது என் மனைவி. ஆறு மாதமாக வேறு பேச்சே இல்லை.

பையனுக்கு இரண்டு வயதாகியும் ஊசி போடவில்லை. சளி, காய்ச்சல் என்று தள்ளிக்கொண்டே வந்து, ஜூன் 12ஆம் தேதி வியாழக்கிழமைதான் போட்டோம். அந்த ஊர் நர்ஸ் அட்டையில் நாளை எண்ணிலும் மாதத்தை எழுத்திலுமாக, முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். 12 முதல் 21 வரை பத்து நாள் என்று எண்ணி, 21ஆம் தேதி விடியற்காலை பம்பாயில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டேன்.

எப்படி எண்ணினேன் என்பதையும் சொல்லவேண்டும். அலுவலகத்தில் விடுப்புக் கணக்குப் பார்க்கும்போது முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். பிரெஞ்சுக்காரர்களும் ஒரு வாரத்தை 'எட்டு நாள்' என்பார்கள், இரண்டு வாரத்தைப் 'பதினைந்து நாள்' என்பார்கள். படித்த படிப்பும் பார்த்த வேலையும் சேர்ந்து என்னை அப்படி எண்ண வைத்தன. மனைவி மட்டும், "ரெண்டு நாள் கூட வெச்சுக்கக் கூடாதாங்க?" என்று கேட்டாள். "பாரீஸ்ல கூட ரெண்டு நாள் தங்கினா கல்யாணத்துக்கு எப்படிப் போறது? கணக்கு எனக்குத் தெரியும்" என்றேன்.

16ஆம் தேதி இரவு டாக்கரை விட்டு, மறுநாள் காலை பாரீஸ். 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு, சொல்தாவாகப் போய் அங்கேயே தங்கிவிட்ட பெரியப்பா மகன் வீடு புறநகரில் இருந்தது. அன்று இரவு உலகக் கோப்பையில் பிரான்ஸ் இத்தாலியை 2–0 என்று ஜெயித்தது. அண்ணன் போட்ட சத்தத்தில் பையன் விழித்துக்கொண்டான். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிற ஊரில் குழந்தையை மறுபடி தூங்க வைப்பது லேசில்லை. மறுநாள் லுக்ஸம்பூர் தோட்டத்துக் குளத்தில் வாடகைக்குப் பாய்மரப் பொம்மைப் படகு எடுத்து விட்டோம். பெரியவள் பக்கத்திலிருந்த ஒரு பிரெஞ்சுப் பாட்டியிடம் "நங்க தெஃப்?" என்று கேட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டாள். மெட்ரோ படிகளில் நான் பெட்டியோடு திணற, என் மனைவி பையனை முதுகில் கட்டிக்கொண்டு சும்மா ஏறிப்போனாள். ஊருக்கு வந்த பயணங்களில் நாங்கள் நான்கு பேரும் கவலையில்லாமல் இருந்தது அந்த மூன்று நாள்தான்.

பம்பாயில் இறங்கியபோது கொட்டுகிற மழை. சுகாதார அதிகாரி அட்டைகளை வாங்கிப் பார்த்தார். பையனுடைய அட்டையில் நின்றார். விரல்விட்டு எண்ணினார்.

"போட்ட நாளைச் சேர்க்கக் கூடாது, சார். இது 22ஆம் தேதியிலிருந்துதான் செல்லும்."

நான் என் கணக்கைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நம் நாட்டில் அந்த நோய் கிடையாது, ஆனால் அதைப் பரப்பும் கொசு வீட்டுக்கு வீடு இருக்கிறது. யாராவது ஒருவர் ரத்தத்தில் கொண்டுவந்தால் போதும். அதனால்தான் அட்டை இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு டாக்கரை விட்டுக் கிளம்பி ஆறு நாளும் ஆகவில்லை, அட்டைக்குப் பத்து நாளும் ஆகவில்லை. இரண்டு வழியிலும் ஒரு நாள் குறைந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.

நான் பையனோடு இருக்கிறேன் என்றேன். அவன் பெயர் அவளுடைய பாஸ்போர்ட்டில் இருந்தது. பிள்ளைகளை ஆளுக்கொன்றாக எழுதி வைத்ததும் நான்தான். அதைச் சொல்லிக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் ராத்திரி அம்மா இல்லாமல் அவன் தூங்கமாட்டான்.

"எத்தனை நாள் குறையுதாம்?" என்று கேட்டாள்.

"ஒரு நாள்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க பெரியவளைக் கூட்டிக்கிட்டுப் போங்க. நம்ம சார்பா ஒருத்தராவது நிக்கணும்" என்றாள். தங்கைக்காகப் பாரீஸில் வாங்கிய சென்ட் பாட்டிலைக் கைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். கொசுவலை அடித்த ஜன்னல் வைத்த அறைக்கு அவர்களை அழைத்துப் போனார்கள். பெரியவள் அழுதுகொண்டே என்னோடு சென்னை விமானத்துக்கு வந்தாள்.

அன்று இரவே புதுச்சேரிக்குக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே மாமா நின்றிருந்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். "அவ எங்க, மாப்பிள்ளை?"

எங்கிருந்துதான் வந்ததோ, சொல்லிவிட்டேன். "ஊசி போட்ட இடத்துல தேதியைத் தப்பா எழுதிட்டாங்க மாமா. அதனால நிறுத்திட்டாங்க."

கல்யாணம் நடந்தது. மைத்துனியை அவளுடைய சித்திதான் அழைத்து வந்தார். போட்டோவில் எல்லாரும் இருக்கிறோம், அவளைத் தவிர.

என் மனைவி வந்து சேர்ந்தது 23ஆம் தேதி மத்தியானம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை புருஷன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். ஆப்பிரிக்கத் துணியில் முதுகில் பிள்ளையோடு அவள் வாசலில் இறங்கியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. சாப்பிட உட்கார்ந்தபோது மாமா ஆரம்பித்தார். "அந்த ஊர்க்காரனுக்கு ஒரு தேதிகூட ஒழுங்கா எழுதத் தெரியாதா? ஊசியாவது போட்டானா இல்லையா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். "விடுங்கப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டாள்.

பிறகு எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஒன்றில்கூட அவள் இதை எடுத்ததில்லை. மாமா 1997இல் போகும்வரை அந்த நர்ஸைத் திட்டிக்கொண்டே இருந்தார். டாக்கர் என்ற பேச்சு வந்தாலே போதும். அந்த முத்தான கையெழுத்து எனக்கு அப்போதெல்லாம் கண்ணில் வரும். பிள்ளைகள் இரண்டு பேரும் அதையேதான் கேட்டு வளர்ந்தார்கள்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் பெரியவள்.

ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தேன். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "போட்ட நாளை விட்டுட்டு எண்ணச் சொல்லுங்க."

"அம்மா என்ன சொல்றாங்க? அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்பீக்கரை அணைக்காமலே, பம்பாயில் அன்று நடந்ததை முதலிலிருந்து அவளுக்குச் சொன்னேன்.