முகம் மாறிய அம்ருத ராவ்

அமெரிக்காவின் ‘போனான்சா’ பண்ணைக் குடும்பத் தொடரில் மூத்த மகனாக நடித்த பெர்னெல் ராபர்ட்ஸ் 1965இல் விலகியதும், அந்த மகனே கதையிலிருந்து காணாமல் போனான். எங்கள் ஹைதராபாத் தெலுங்குத் தொடர் ‘அம்ருதம்’ அப்படியெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. 2001இல் ஜெமினி டிவியில் தொடங்கியபோது நாயகன் அம்ருத ராவ், சிவாஜி ராஜா. அப்புறம் நரேஷ், ஹர்ஷவர்தன் என்று முகம் மாறிக்கொண்டே இருந்தது. மனைவிமாரும் மாறினார்கள். தொடர் 2007 வரை ஜோராக ஓடியது!

காரணம், என்னைக் கேட்டால், குண்டு ஹனுமந்த ராவ். நாயகனின் நண்பர் ஆஞ்சநேயுலுவாக அவர் பக்கத்தில் நின்று முழித்தால் போதும், எதிரில் நிற்பவர் யாரானாலும் அம்ருத ராவ் ஆகிவிடுவார். வீட்டுக்காரர் அப்பாஜியாக சிவநாராயணா, ஹோட்டல் பணியாள் சர்வமாக வாசு இண்டூரி. இவர்களை மாற்றியிருந்தால்தான் கடையை மூடியிருப்பார்கள்.

ஹனுமந்த ராவ் 2018இல் காலமானார். தெலுங்கு தெரியாத என் அம்மா இப்போதும் யூடியூபில் அவரைத்தான் தேடுகிறார்.