பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒரு வரி

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் சிப்காட் வந்துவிட்டதைக் கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. மூக்கு சொல்லிவிடும். 1999-ல் தினமும் அப்படி இறங்கியவர்களில் நானும் ஒருவன். ஒரு கெமிக்கல் ஃபாக்டரி (பெயர் வேண்டாமே), அதில் கம்ப்யூட்டர் செக்‌ஷன். செக்‌ஷன் என்றால் நான், என் சீனியர், ஒரு ஏ.சி. மூவரில் ஏ.சி.க்குத்தான் மரியாதை அதிகம்.

எங்கள் பொறுப்பில் சம்பள புரோகிராம். சி மொழியில் பதினான்கு துண்டு ஃபைல்கள். ஆபீஸில் விண்டோஸ் 95 பி.சி.யில் எழுதிச் சரிபார்ப்போம். ஆனால் சம்பளச் சீட்டு அச்சாவது ஃபாக்டரிக்குள் இருந்த யூனிக்ஸ் மெஷினில். ஒரே மருமகள், இரண்டு மாமியார். ஃபைல் பெயர் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று விண்டோஸ் கண்டுகொள்ளாது. யூனிக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். அங்கே இடப்பக்கம் சாயும் கோடு இங்கே வலப்பக்கம் சாயும். வரி முடிந்தது என்று சொல்ல அங்கே இரண்டு குறி, இங்கே ஒன்று. ப்ளாப்பியில் எடுத்துப் போனால் ஒவ்வொரு வரியின் வாலிலும் தொப்பி போட்ட ஒரு 'எம்' தொங்கும்.

சீனியர் இதற்கெல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருந்தார். மேலே பிள்ளையார் சுழி, கீழே நம்பர் போட்டு வரிசையாக வேலைகள். விரல் வைத்துப் படித்து ஒவ்வொரு ஃபைலாகக் கம்பைல் பண்ணுவார். முக்கால் மணி நேரம். நடுவில் டீ வந்துவிட்டால் எந்த வரியில் விட்டோம் என்பது மறந்து, மறுபடி முதலிலிருந்து.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. பொறுக்குமா?

'மேக்' என்று ஒரு புரோகிராம் உண்டு. 1976-ல் அமெரிக்காவில் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. ஸ்டீவ் ஜான்சன் என்ற சக ஊழியர் ஒருநாள் சபித்துக்கொண்டே அவர் அறைக்குள் வந்தாராம். தப்பைத் திருத்தியாகிவிட்டது, திருத்திய ஃபைலைக் கம்பைல் பண்ண மறந்துவிட்டார், சரியான புரோகிராமில் காலை முழுக்கத் தப்பு தேடியிருக்கிறார். அதற்கு மருந்துதான் மேக். எந்த ஃபைல் எதை நம்பி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், தேதியைப் பார்த்து, மாறியதைச் சேர்ந்தவற்றை மட்டும் கம்பைல் பண்ணும். அதன் கட்டளை வரிகள் 'டேப்'பில்தான் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் தட்டினால் ஒப்புக்கொள்ளாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்! இதில் எனக்கு இரண்டு நாள் போயிற்று. ஃபெல்ட்மனுக்கே அது உறுத்தியிருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் உபயோகிக்க ஆரம்பித்துவிட்டதால், அவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்த டஜன் பேரை நான் நிறையத் திட்டியிருக்கிறேன்.

பொதுவான பட்டியல் ஒரு ஃபைலில். விண்டோஸுக்கு ஒரு குட்டி ஃபைல், யூனிக்ஸுக்கு ஒன்று. இன்றைக்கு சிமேக் அந்தந்த மெஷினுக்கு வேண்டியதைத் தானே எழுதித் தந்துவிடுகிறது. அது வந்தது 2000-ல். அப்போது நான்தான் சிமேக். மூன்று வாரத்தில் முடித்தேன். முக்கால் மணி நேரம் நாலு நிமிஷம் ஆயிற்று. தேதி மாறாமல் யூனிக்ஸுக்குக் காப்பி ஆகவும் ஏற்பாடு. மாறினால் பதினான்கையும் புதுசு என்று நினைத்துக்கொள்ளுமே! சீனியர் பார்த்தார். "நல்லாருக்குப்பா" என்று நோட்டை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

அந்த மாதம் நைட் ஷிஃப்ட் படி பன்னிரண்டு ரூபாயிலிருந்து பதினைந்தாயிற்று. ஒரே ஒரு ஹெடர் ஃபைலில் ஒரு எண். திருத்தினேன். பி.சி.யில் முழுசாகக் கம்பைல் பண்ணிப் பார்த்தேன், சரி. யூனிக்ஸில் மேக் தட்டினேன். 'அப் டு டேட்' என்றது. எவ்வளவு வேகம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு சீட்டுகளை அச்சடித்துவிட்டேன்.

மறுநாள் காலை கான்ட்ராக்ட் ஃபிட்டர் ஒருவர் வாசலில் நின்றார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், கையில் டார்ச்.

"தம்பி, மூணு ரூபா ஏத்தினதா சொன்னாங்க. சீட்டுல காணோமே? பதினாலு நைட்டு பாத்திருக்கேன்."

நாற்பத்திரண்டு ரூபாய். அவருக்குப் பின்னால் வராந்தாவில் இன்னும் ஏழெட்டுப் பேர். எனக்கு வியர்த்தது. மறுபடி மேக் தட்டினேன். மறுபடியும் 'அப் டு டேட்'.

சீனியர் ஒன்றும் பேசவில்லை. டிராயரைத் திறந்து நோட்டை என் முன்னால் வைத்தார். பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரி: 'டேட் அடித்துத் தேதி பார்.' அதையும் சுழியோடு சேர்ந்த சம்பிரதாயம் என்று நினைத்து நான் என் மேக்ஃபைலில் சேர்க்கவே இல்லை.

பி.சி.யில் அடித்தேன். 1-1-1980.

மதர்போர்டில் பொட்டு மாதிரி இருக்கும் பாட்டரி செத்துப்போயிருந்தது. முந்தின நாள் காலை பி.சி.யைப் போட்டதும் என்னமோ கேட்டது, நானும் எஃப்1 தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். என் ஹெடர் ஃபைல் 1980-ல் பிறந்ததாகப் பதிவாகி, அதே தேதியோடு பத்திரமாக யூனிக்ஸுக்குப் போயிருக்கிறது. பத்தொன்பது வருஷப் பழசை மேக் எப்படித் தொடும்?

அக்கவுண்ட்ஸில் சொல்லி, அன்று மாலைக்குள் அத்தனை பேருக்கும் பாக்கியைத் தனிக் கவரில் போட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு கவரிலும் சீனியரே பெயர் எழுதினார். ஃபிட்டர் நாற்பத்திரண்டு ரூபாயை இரண்டு தடவை எண்ணிவிட்டுக் கேட்டார்: "கம்ப்யூட்டர்கூடத் தப்பு பண்ணுமா தம்பி?"

"பாட்டரி வீக்காயிடுச்சுங்க" என்றேன்.

கையிலிருந்த டார்ச்சை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிக் காண்பித்தார். "இத மாதிரியா?"

"அதேதாங்க."