மலைநாட்டில் ஒரு நாள் விருந்து

கண்ணுக்கும் வயிற்றுக்கும் ஒரே நாளில் விருந்து வாய்ப்பது எல்லோர்க்கும் கிட்டும் பேறன்று. எமக்கு அது 2018 ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் வாய்த்தது. அவ்விருந்திலே எனக்குரிய பங்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளாகக் காத்திருந்தது என்பதைத்தான் நான் அறியவில்லை.

நாங்கள் நால்வர். 1974 ஆம் ஆண்டில் வடபுலத்து ஆசிரிய கலாசாலையொன்றில் ஒரே விடுதியில் தங்கிப் பயின்றவர்கள். இன்று நால்வரும் ஓய்வூதியக்காரர். ஒருவர் கணித ஆசிரியர். ஒரு சதத்தையும் விடாது குறிப்புப் புத்தகத்தில் எழுதுபவர். மற்றவர் சைவசமயம் கற்பித்தவர், மச்சம் தொடாதவர். மூன்றாமவர் மலைநாட்டிலே பிறந்து, மலைநாட்டுப் பாடசாலைகளிலேயே தம் சேவைக்காலம் முழுவதையும் கழித்தவர். நான்காமவன் நான்.

விடியுமுன்னரே கண்டியிலிருந்து வாகனம் புறப்பட்டது. கம்பளையைக் கடந்ததும் வீதி வளைந்து வளைந்து மலையேறத் தொடங்கிற்று. புசல்லாவையிலே காலை உணவு: ஆவி பறக்கும் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். கணித ஆசிரியர் பதினான்கு இடியப்பம் உண்டார். இது அவருடைய புத்தகத்தில் அவர் கைப்பட உள்ள கணக்கு. நான் கூட்டிச் சொல்லவில்லை.

இறம்பொடையில் இறங்கி நின்றோம். 109 மீற்றர் உயரத்திலிருந்து வெண்பட்டை விரித்தாற்போல அருவி விழுந்துகொண்டிருந்தது. வாயாடிகளாகிய நாங்கள் நால்வரும் சிறிது நேரம் பேச்சற்று நின்றோம். அதுவே அவ்வருவிக்கு நாங்கள் செய்த மரியாதை.

அதற்கு மேலே தேயிலைத் தொழிற்சாலையொன்றைப் பார்வையிட்டோம். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கும் முறைகளை ஒரு பெண்பிள்ளை பொறுமையோடு விளக்கினாள். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தொடங்கிய பயிர் அது. 1869 இல் கோப்பியைப் பற்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்க, மலையெல்லாம் தேயிலையாயிற்று. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகுமென்று அவள் கூறினாள். நாளொன்றுக்கு எவ்வளவு கொழுந்து பறிக்க வேண்டுமென்று கணித ஆசிரியர் வினவினார். பல தோட்டங்களில் 18 கிலோ என்று எங்கள் மலைநாட்டு நண்பர் விடை கூறினார். அவ்வாண்டில் அதற்குரிய அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. “அப்படியானால் ஒருத்தியின் ஒருநாள் உழைப்பு நாலு கிலோ தேயிலை” என்று முணுமுணுத்த கணித ஆசிரியர், அங்கே விற்பனைக்கிருந்த பொட்டலத்தின் விலையைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டார்.

நண்பகலளவில் நுவரெலியாவை அடைந்தோம். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள ஊர். வெயில் இருந்தது, சூடு இல்லை. 1894 இல் கட்டிய செங்கல் தபாற்கந்தோரையும், 1873 இல் தேசாதிபதி கிறகரி அமைப்பித்த ஏரியையும் கண்டோம். ஏரிக்கரையிலே அவித்த சோளப்பொத்தி வாங்கித் தின்றோம். பகலுணவுக்கு நல்லதொரு ஹோட்டலுக்குப் போகலாமென்று நான் சொன்னேன். “சாப்பாடு அக்கா வீட்டில்” என்றார் நண்பர்.

நானுஓயா வீதியிலிருந்து பிரிந்த தோட்டத்துப் பாதையில் வாகனம் குலுங்கிச் சென்று ஒரு லயத்தின் முன்னே நின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடியான அறை. முன்னே ஒடுங்கிய திண்ணை. வாசலிலே ஒரு செவ்வந்திச் செடி. எழுபது வயதைக் கடந்த அக்கா கைகூப்பி வரவேற்றார். இளமை தொடங்கி ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். விரல்நுனிகளில் அந்தக் கறை இன்னும் இருந்தது.

தேங்காய்ப்பூச் சேர்த்துச் சுட்ட ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டைச் சம்பல், லீக்ஸ் வறை, பருப்பு. சைவசமய ஆசிரியருக்கு மாசி சேராத சம்பல் வேறாக ஒரு கிண்ணத்தில் இருந்தது. தம்பியிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாராம். நாங்கள் ஆளுக்கொரு ரொட்டியை முடிக்குமுன் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி படிக்கிறப்ப லீவு முடிஞ்சு போகையில ரொட்டி சுட்டுக் குடுத்து வுட்டேனே, நீங்க எல்லாரும் சாப்பிட்டீங்களா ஐயா? நல்லாருந்திச்சின்னு தம்பி வந்து சொல்லிச்சு.”

என் கையிலிருந்த துண்டு வாய்க்குச் செல்லவில்லை.

1974 ஆம் ஆண்டு நாட்டிலே உணவுப் பஞ்சம். பாணுக்கு மக்கள் இரவிலேயே வரிசையில் நின்றனர், தோட்டங்களிலே பட்டினி. யாழ்ப்பாணத்திலோ வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. கமக்காரன் மகனாகிய எனக்குப் பசி தெரியாது. துணியிற் சுற்றிய ரொட்டியை நண்பர் விடுதியறையில் அவிழ்த்தபோது, “தோட்டக்காட்டு ரொட்டியை யார் தின்பது?” என்று சொல்லிச் சிரித்தவன் நான். மற்றவர்களும் சிரித்தார்கள். நண்பர் ஒன்றும் பேசாமல் துணியை மீண்டும் முடிந்தார். அந்த மாவு ஒரு குடும்பத்தின் பங்கீட்டு மாவென்றும், அதைக் கொடுத்துவிட்டு ஒருத்தி பட்டினி கிடந்திருக்கலாமென்றும் எனக்குத் தோன்றவேயில்லை.

நண்பரைப் பார்த்தேன். அவர் செவ்வந்திச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சாப்பிட்டோம்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் அத்தனை ஆண்டுகளாகக் காத்த பொய் அது. எனக்கு நா எழவில்லை.

“இல்லை அக்கா. அன்று நான் சாப்பிடவில்லை. சிரித்தேன்” என்றேன்.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பின்பு தம்பியின் பக்கம் திரும்பினார். “எல்லாம் முடிஞ்சிருச்சின்னு சொன்னியேடா?”

“முடிந்தது உண்மைதான் அக்கா. மூன்று நாள் நானே தின்றேன்” என்றார் நண்பர்.

அக்கா சிரித்துவிட்டார். சிரித்தபடியே என் தட்டிலே மேலும் இரண்டு ரொட்டியை வைத்தார். “அப்ப விட்டதையும் சேத்துச் சாப்பிடுங்க ஐயா.” சாப்பிட்டேன். சம்பலின் உறைப்பினால் கண்ணீர் வந்தது என்று மற்றவர்கள் எண்ணியிருப்பார்கள். எண்ணட்டும்.

மலைநாடு காணச் செல்லும் அன்பர்களே, அருவியைப் பாருங்கள், ஏரியைப் பாருங்கள். அந்தப் பசுமைக்கு நடுவே வரிசையாக நிற்கும் லயங்களையும் படத்துக்கு மட்டும் உரிய காட்சியாக எண்ணாமல், அங்கே யாரேனும் உண்ண அழைத்தால் உட்கார்ந்து உண்ணுங்கள்.

இரவு கண்டிக்குத் திரும்பியதும் கணித ஆசிரியர் விளக்கடியில் அமர்ந்து அன்றைய செலவை எழுதினார்: வாகனக் கூலி இவ்வளவு, இடியப்பம் இவ்வளவு, சோளப்பொத்தி இவ்வளவு. ‘பகலுணவு’ என்று எழுதிய வரியில் மட்டும் தொகையைக் காணவில்லை.

“என்ன, மறந்துவிட்டீரோ?” என்று கேட்டேன்.

“அது உம்முடைய கணக்கு. நீரே எழுதும்” என்று சொல்லிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.